14ஆம் அத்தியாயத்திலேயே சேர்த்துவிட்டால் தொடர் செத்துவிடுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கொழும்பு வாரப் பத்திரிகை ஒன்றில் 40 கிழமைக்கு ஒரு தொடர்கதை, அத்தியாயத்துக்கு 1,200 சொற்கள். நாயகி வைதேகி புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில் சின்ன அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து வேலை செய்கிற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். நாயகன் துஷ்யந்தன் காப்புறுதி நிறுவனங்களுக்காக இழப்பு மதிப்பிடுகிறவர். எரிந்த கடை, நனைந்த சரக்கு, காணாமல் போன லொறி என்று இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு வழக்கு. பன்னிரண்டு அத்தியாயம் வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் விருப்பம் இருப்பது வாசகருக்குத் தெரியும், அவர்கள் இருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. தடையாக நீங்கள் வைத்திருப்பவை இரண்டு: வைதேகியின் அம்மாவுக்குப் பிடிக்காது, துஷ்யந்தனின் பழைய காதலி திரும்பி வந்திருக்கிறாள். "எப்ப சேருவினம்?" என்று கடிதம் வருகிறது. சேர்த்தால் கதை முடிந்துவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். 14இல் சேர்ப்பதா, 40 வரை இழுப்பதா என்பது உங்கள் கேள்வி.

நேராகச் சொன்னால், 14இல் சேர்ப்பதால் தொடர் சாகாது. இப்போது இருக்கிற இந்த இரண்டு தடைகளோடு 40 வரை இழுத்தால் 20ஐத் தாண்டாது.

"சேர்த்தால் செத்துவிடும்" என்ற பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1985இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய 'மூன்லைட்டிங்' தொடரில் ஒரு துப்பறியும் நிலையத்தை நடத்தும் ஆணும் பெண்ணும் இரண்டு வருடம் சண்டை பிடித்தார்கள். 1987 மார்ச் கடைசியில் சேர்ந்தார்கள். பிறகு தொடர் சரிந்து 1989இல் முடிந்தது. அன்றிலிருந்து தொலைக்காட்சி எழுத்தாளர்கள் இதை ஒரு சாபமாகவே சொல்லி வருகிறார்கள். ஆனால் சேர்ந்த பிறகு அங்கே நடந்தவற்றை எடுத்துப் பாருங்கள். நாயகியாக நடித்த சிபில் ஷெப்பர்ட் இரட்டைப் பிள்ளை வயிற்றில் இருந்ததால் படப்பிடிப்புக்கு அதிகம் வர முடியவில்லை. புரூஸ் வில்லிஸ் 'டை ஹார்ட்' படத்துக்குப் போய்விட்டார். இரண்டு பேரும் ஒரே காட்சியில் நிற்பதே அரிதாகி, நாயகியைக் கதையில் சிக்காகோவுக்கு அனுப்பி வைத்தார்கள். அவள் திரும்பி வரும்போது ரயிலில் சந்தித்த யாரோ ஒருவனைக் கலியாணம் செய்துகொண்டு வருகிறாள். தொடரை உருவாக்கியவரும் நடுவில் விலகினார். 1988இல் எழுத்தாளர் வேலைநிறுத்தம் வேறு. சேர்ந்ததற்குப் பிறகு இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்க்கவே கிடைக்காத தொடர் அது. சேர்ந்ததால் கெட்டது என்று சொல்ல அதில் ஆதாரம் இல்லை.

எதிர்ப்பக்கத்துக்கு 'போன்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் இருக்கிறது. 2005இல் தொடங்கியது. ஆறாம் பருவத்தின் முடிவில், 2011இல், நாயகனும் நாயகியும் சேர்ந்தது மட்டுமல்ல, பிள்ளை வரப்போகிறது என்றே சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு இன்னும் ஆறு பருவம் ஓடி 2017இல்தான் முடிந்தது. அங்கே ஒவ்வொரு கிழமையும் ஓர் எலும்புக்கூடு கிடைக்கும். அது யாருடையது, எப்படிச் செத்தார் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். காதல் தீர்ந்தாலும் அந்த வேலை தீரவில்லை.

ஆகவே உங்கள் தொடரில் முதலில் பார்க்க வேண்டியது இது: காதலை முழுக்க எடுத்துவிட்டு 13ஆம் அத்தியாயத்தை வாசித்தால் அடுத்த கிழமை வாங்கத் தோன்றுமா? இரண்டாம் குறுக்குத் தெருப் புடவைக் கடைத் தீ வழக்கு தன் சொந்தக் காலில் நிற்கிறதா? நிற்காவிட்டால் சேர்ப்பதையும் பிரிப்பதையும் பற்றிய யோசனையைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் வழக்கைத் திருத்துங்கள். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கிழமைக்குக் கிழமை வந்தது. குடந்தை சோதிடர் வீட்டில் வந்தியத்தேவன் குந்தவையை முதலில் காண்கிறான். அரிசிலாற்றங்கரையில் செத்த முதலையைக் குத்தி அசடு வழிகிறான். கொஞ்ச நாளிலேயே அவள் ஓலை ஒன்றை எழுதிக் கையில் கொடுத்து இலங்கைக்கு அனுப்பிவிடுகிறாள். இரண்டாம் பாகத்தின் பெரும்பகுதியில் இவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கடல். ஆனாலும் யாரும் அலுத்துப் போகவில்லை, சோழ அரியணை யாருக்கு என்ற கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. அவன் போகிற ஒவ்வொரு வேலையும் அவள் அனுப்பிய வேலை என்பதால், அவள் இல்லாத அத்தியாயத்திலும் அவள் இருந்தாள்.

அடுத்தது தடை. தடையைச் சோதிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. இரண்டு பேரையும் வெள்ளவத்தைச் சைவக் கடை ஒன்றில் தேத்தண்ணி குடிக்க உட்கார வையுங்கள். பத்து நிமிடம் உண்மையைக் கதைக்க விடுங்கள். பத்து நிமிடத்தில் தடை கரைந்துவிட்டால் அது தடை இல்லை, தவறான புரிதல். தவறான புரிதலைத் தொடரில் ஒரு தடவை, அதிகம் போனால் மூன்று அத்தியாயத்துக்கு வைக்கலாம். அதற்கு மேல் போனால் வாசகர் பாத்திரங்களை விட்டுவிட்டு எழுதுகிறவரைத் திட்டத் தொடங்குவார்.

உங்கள் பழைய காதலி இந்தச் சோதனையில் தோற்றுப் போகிறாள். "அவளோட இப்ப எனக்கு ஒண்டும் இல்லை" என்று துஷ்யந்தன் ஒரு வசனம் சொன்னால் கதை முடிந்தது. அதைச் சொல்லாமல் வைத்திருக்க நீங்கள் 9ஆம் அத்தியாயத்தில் ரெலிபோனை அடிக்க விட்டீர்கள், 11இல் மழை பெய்ய விட்டீர்கள். மூன்றாவது தடவை என்ன செய்வீர்கள்? அம்மா கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் முப்பத்திரண்டு வயதில் தன் பெயருக்கு முத்திரை வைத்திருக்கிற பெண், அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்ற ஒன்றுக்காகவே 28 அத்தியாயம் வாய் மூடி இருப்பாள் என்றால் நம்ப முடியாது. அம்மாவின் மறுப்புக்குப் பின்னால் வைதேகியே ஒத்துக்கொள்கிற ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

நல்ல தடை அவர்களுடைய தொழிலிலும் குணத்திலும் இருந்து முளைக்கும். கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' தொடராக வந்தபோதும் 1968இல் படமானபோதும் பிடித்து நிறுத்தியது இதுதான். அவன் நாதஸ்வரம், அவள் நாட்டியம். அவனுடைய தன்மானமும் அவளுடைய தன்மானமும் ஒரே மேடையில் மோதுகின்றன. காதலிக்க வைத்த அதே திறமைதான் சண்டைக்கும் காரணம். வெளியில் இருந்து வருகிற வில்லனைத் துரத்திவிட்டாலும் அந்த மோதல் போகாது.

உங்கள் கதையில் அப்படி ஒன்று ஏற்கெனவே கிடக்கிறது, நீங்கள் குனிந்து எடுக்கவில்லை. துஷ்யந்தன் கொண்டுவருகிற கணக்குக் கொப்பிகள், கடிதங்கள், வாக்குமூலங்களை வைதேகிதான் மொழிபெயர்த்து, "மூலத்துக்கு உண்மையானது" என்று கையெழுத்தும் முத்திரையும் வைக்கிறாள். அவனுடைய மதிப்பீட்டு அறிக்கை அந்தத் தாளின் மேல் நிற்கிறது. இவர்கள் சோடி என்று வெளியில் தெரிந்த அன்றைக்கே, நட்டஈடு மறுக்கப்பட்ட கடைக்காரரின் சட்டத்தரணி எழுந்து நின்று பக்கச்சார்பு என்பார். பழைய அறிக்கைகளையும் கிளறுவார். அவளுக்குப் பெயர் போகும், அவனுக்கு வேலை போகும். சேர வேண்டுமானால் ஒருவர் மற்றவருடைய கோப்புகளை விட வேண்டும். அவர்களை நெருக்கமாக்கியதே அந்தக் கோப்புகள்தான். தேத்தண்ணிச் சோதனையில் இது கரையாது. பத்து நிமிடம் கதைத்தால் இன்னும் இறுகும்.

இதற்கு மேல் ஒரு படி வேண்டுமானால், தீப்பிடித்த கடை வைதேகியின் சின்ன மாமாவுடையது என்று 17ஆம் அத்தியாயத்தில் வெளிவரட்டும். அவளுக்கு அது 13இலேயே தெரிந்திருந்தது என்பது 21இல் வெளிவரட்டும்.

ஒரு தடை போய் இன்னொன்று வருகிற ஒழுங்கும் முக்கியம். இதை நாம் வெளிநாட்டுத் தொடர்களிடம் படிக்கத் தேவையில்லை. அகநானூற்றின் 122ஆம் பாட்டு, பரணர் பாடியது, இந்த வேலையை மிகச் சுருக்கமாகச் செய்து காட்டுகிறது. இரவில் அவனைச் சந்திக்க முடியாத காரணத்தைத் தலைவி தோழியிடம் சொல்கிறாள். திருவிழா இல்லாத நாளிலும் ஊர் தூங்காது. ஊர் தூங்கினால் அன்னை தூங்காள். அன்னை தூங்கினால் காவலர் சுற்றி வருவர். காவலர் ஓய்ந்தால் நாய் குரைக்கும். நாய் அடங்கினால் நிலவு பகல் போல எறிக்கும். நிலவு மறைந்தால் கூகை குழறும். கூகை ஓய்ந்தால் கோழி கூவும். எல்லாம் அடங்கிய ஓர் இரவு வருகிறது. "எல்லாம் மடிந்த காலை ஒருநாள் நில்லா நெஞ்சத்து அவர் வாரலரே." அன்றைக்குப் பார்த்து அவன் வரவில்லை.

இதில் மூன்று விஷயம் கவனியுங்கள். ஏழு தடையும் ஒன்றாக வந்து குவியவில்லை, ஒன்று விலகினால்தான் அடுத்தது கண்ணில் படுகிறது. பிறகு, தடைகள் ஊரில் இருந்து வீட்டுக்கு வந்து, வீட்டில் இருந்து வானத்துக்கும் கூகைக்கும் போகின்றன. ஒரே மாதிரித் தடை தொடர்ந்து இரண்டு தடவை வருவதில்லை. கடைசித் தடை அவனுடைய நெஞ்சு. வெளியில் உள்ளது எல்லாம் விலகிய பிறகுதான் அது தெரிகிறது. உங்கள் 40 அத்தியாயத்துக்கு இதை விட நல்ல வரைபடம் கிடைக்காது. முதலில் ஊர், பிறகு அம்மா, பிறகு தொழில், பிறகு மாமாவின் வழக்கு. எல்லாம் தீர்ந்து கதவு திறந்து கிடக்கிற 33ஆம் அத்தியாயத்தில், துஷ்யந்தனுக்கு உள்ளே இருக்கிற பயம் என்ன? அதை இப்போதே முடிவு செய்து எழுதி வையுங்கள். பெரும்பாலான தொடர்கள் விழுகிற இடம் இது. வெளித்தடை எல்லாம் தீர்ந்த பிறகு எழுத ஒன்றும் இல்லாமல், அவசரமாக ஒரு விபத்தை வைத்து ஒருவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் போடுவார்கள்.

கொழும்பில் ஊர் என்ற தடைக்குப் பஞ்சம் இல்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் இரண்டு பேர் லிப்டில் ஒன்றாக இறங்கினால் மூன்றாம் மாடி அன்ரி மத்தியானத்துக்குள் கனடாவுக்குச் சொல்லிவிடுவார். கடற்கரை வீதியில் நடந்தால் தெரிந்த முகம் ஒன்றாவது எதிர்ப்படும். காலிமுகத்திடலில் குடைக்குக் கீழே உட்கார்வதை உங்கள் பாத்திரங்களின் வயதுக்கு நினைக்கவே வெட்கமாக இருக்கும். 100, 101 பஸ்ஸில் நின்றுகொண்டு போகிற நேரந்தான் உண்மையில் இவர்களுக்குக் கிடைக்கிற தனிமை, அதுவும் சனத்துக்கு நடுவில். இந்த நெருக்கடியை வர்ணனையாக வீணாக்காமல் காட்சிக்குள் போடுங்கள். புதுக்கடையில் இருந்து கோட்டைக்கு நடந்து பஸ் பிடிப்பதா, ஓட்டோவில் ஒன்றாகப் போவதா என்ற தீர்மானமே அரை அத்தியாயத்துக்குத் தாங்கும்.

வெளிநாட்டு மாப்பிள்ளை விடயம் தனி. பழைய இலக்கணத்தில் நொதுமலர் வரைவு என்று சொல்வார்கள், அயலார் பெண் கேட்டு வருவது. நம்மிடம் அது கனடாவின் ஸ்காபரோவில் இருந்து வரும், குறிப்புப் பொருந்தும், ஸ்பொன்சர் கடதாசி நிரப்பத் தொடங்கும். கதைக்கு இதில் உள்ள நன்மை, இதற்குத் தானாக ஓடுகிற ஒரு கடிகாரம் உண்டு. பத்திரம் கேட்பார்கள், பொலிஸ் நற்சான்று கேட்பார்கள், மருத்துவச் சோதனைக்குக் கூப்பிடுவார்கள். ஒவ்வொன்றும் ஓர் அத்தியாயம் நெருங்கி வரும். அந்தப் பத்திரங்களை மொழிபெயர்ப்பது வைதேகியின் தொழில். தன் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைத் தானே மொழிபெயர்த்து முத்திரை வைக்கக் கூடாது என்பதால் பக்கத்து அறைக்காரரிடம் கொடுக்கிறாள் என்று ஒரு காட்சி எழுதுங்கள். பழைய காதலி செய்யாததை அந்த ஒரு தாள் செய்யும். ஒன்று மட்டும் கவனம்: வருகிற மாப்பிள்ளையை முட்டாளாகவோ குடிகாரனாகவோ ஆக்காதீர்கள். அவன் நல்லவனாக, கதைக்க இனிமையானவனாக இருந்தால்தான் அவளுக்குத் தீர்மானம் கஷ்டமாக இருக்கும். கெட்டவன் என்றால் அவள் மறுப்பதற்கு ஒரு காரணமும் யோசிக்கத் தேவையில்லை, வாசகரும் காத்திருக்க மாட்டார்.

இனி அளவு. 40 அத்தியாயத்தில் இரண்டு பேரும் தனியே இருக்கிற முழுக் காட்சி 12 அல்லது 13க்கு மேல் வேண்டாம். ஒரு காட்சி 350 முதல் 450 சொல். அதாவது மூன்று கிழமைக்கு ஒன்று. மற்ற இடங்களில் ஆட்களுக்கு நடுவில் சந்திக்கட்டும், அல்லது ஒருவர் இல்லாத இடத்தில் மற்றவர் விட்டுப்போன சாமான் இருக்கட்டும். உங்கள் முதல் 12 அத்தியாயத்தில் தனிக்காட்சி 10. பசி வருவதற்கு முன்னமே பரிமாறிவிட்டீர்கள். 13 முதல் 18 வரை ஒரே ஒரு தனிக்காட்சி வையுங்கள், கணக்கு முழுக்கச் சரியாகாது, ஆனாலும் பசி திரும்பும்.

ஒவ்வொரு தனிக்காட்சியிலும் ஏதாவது ஒன்று மாற வேண்டும், மாறியது திரும்பக் கூடாது. இந்த விதியை மீறுவதால்தான் அதிகமான தொடர்கள் கெடுகின்றன. இந்தக் கிழமை கை தொட்டது, அடுத்த கிழமை ஒன்றும் நடக்காத மாதிரிப் பழைய சண்டை. வாசகர் ஏழு நாள் அந்தத் தொடுகையை மனதில் வைத்திருந்தார், நீங்கள் மறந்துவிட்டீர்கள். மாற்றம் சின்னதாக இருக்கலாம். அவன் அவளுடைய வீட்டு இலக்கத்தை அறிந்துகொண்டான். அவள் அவனுக்காக முதல் தடவை பொய் சொன்னாள். அவளுடைய அறையின் இரண்டாவது திறப்பு அவனிடம் இருக்கிறது. கிழமைக்கு ஒரு தடவை வாசிக்கிறவருக்கு ஒரு வசனத்தில் ஞாபகப்படுத்தக் கூடியதாக அது இருக்க வேண்டும். பார்வை, பெருமூச்சு, படபடப்பு இவை ஏழு நாள் தாங்காது. திறப்பு தாங்கும்.

நம்முடைய பேச்சில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. நீங்கள், நீர், நீ என்று மூன்று படி. தமிழ்நாட்டுக் கதைகளில் இன்று பெரும்பாலும் இரண்டு படிதான் மிச்சம். யாழ்ப்பாணப் பேச்சில் 'நீர்' உயிரோடு இருக்கிறது: சம வயதுக்காரர், கூடப் படித்தவர், கணவன் மனைவியிடம். தொழிலில் சந்தித்த இரண்டு பேர் 'நீங்கள்' என்றுதான் தொடங்குவார்கள். அவன் எந்த அத்தியாயத்தில் முதல் தடவை 'நீர்' என்று வாய் தவறுகிறான், அவள் எவ்வளவு காலம் 'நீங்கள்' என்றே பதில் சொல்கிறாள் என்பதை அட்டவணை போட்டு வையுங்கள். முழுப் பெயர், 'மிஸ்டர்', 'மிஸ்' எல்லாவற்றையும் அதில் குறியுங்கள். நீங்கள் 3ஆம் அத்தியாயத்தில் 'நீர்' என்றும் 8இல் 'நீங்கள்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். கவனக்குறைவு என்று தெரிகிறது, ஆனால் வாசகர் அதைச் சண்டை என்று எடுத்துக்கொள்வார்.

இன்னும் அனுப்பாத உங்கள் 13ஆம் அத்தியாயத்தின் கடைசிக் காட்சியில் "அவன் கண்களில் அவள் தன்னை மறந்தாள்" என்று தொடங்கி ஒரு பந்தி வருகிறது. அதை எடுத்துவிட்டு இப்படி எழுதினால்:

"பதின்மூண்டாம் பக்கத்தில ஒரு வரி விடுபட்டிருக்கு," என்றாள் வைதேகி.

"அது தண்ணி பட்டுக் கலைஞ்சு போச்சு."

"கலையேல்ல. நீங்கள் வாசிக்கேல்ல."

அவன் கொப்பியை வாங்கி யன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தான். புகை மணம் இன்னும் போகவில்லை. எழுத்து இருந்தது. தீக்கு இரண்டு நாளைக்கு முந்திய திகதி.

"நீர் இதை எப்ப கண்டனீர்?"

அவள் முத்திரையை எடுத்து மைத்தட்டில் ஒற்றினாள். பிறகு இன்னொரு தடவை ஒற்றினாள்.

"நேற்று. நீங்கள் வரமாட்டியள் எண்டு நினைச்சன்."

அறுபது சொல் இருக்காது. காதல் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வழக்கு ஒரு படி நகர்ந்தது, ஏனென்றால் திகதி கிடைத்தது. அவன் 'நீர்' என்றான், அவள் அதைக் கேட்டாள் என்பது இரண்டாவது ஒற்றலில் தெரிகிறது. நேற்றுக் கண்டதை இன்றுவரை ரெலிபோனில் சொல்லாமல் வைத்திருந்தாள் என்பதும் தெரிகிறது. மாமாவின் விடயம் அவளுக்கு முன்பே தெரியும் என்பதை 21இல் உடைக்கும்போது வாசகர் திரும்பி வந்து இந்த ஒரு நாள் தாமதத்தைப் பார்ப்பார். கடைசி வரி முடிந்தவுடன் அத்தியாயத்தை நிறுத்துங்கள். அவள் மனதில் என்ன ஓடியது என்று கீழே விளக்கினால் முழுவதும் வீண்.

குறுக்கீடு பற்றிக் கொஞ்சம். தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் இருந்து 1998இல் எடுத்த 'எக்ஸ் பைல்ஸ்' படத்தில் ஐந்து வருடம் காத்திருந்த நாயகனும் நாயகியும் தொடர்மாடி நடைக்கூடத்தில் முத்தமிடப் போகிற நேரத்தில் நாயகியைத் தேனீ கொட்டுகிறது. பலர் இன்றைக்கும் கொதிக்கிறார்கள். ஆனாலும் அந்தத் தேனீ கதைக்குள் முன்பே வந்த தேனீ, அது கொட்டியதால் அவள் மயங்கி விழுந்து கடத்தப்படுகிறாள், படத்தின் மிச்சம் அதில் இருந்துதான் ஓடுகிறது. குறுக்கீட்டுக்கு இந்த இரண்டும் தேவை: முன்பே கதையில் இருந்த பொருள், பின்னால் ஒரு விளைவு. ரெலிபோன் அடித்தது, கதவு தட்டப்பட்டது, கரண்ட் போனது என்பதற்கு இரண்டும் இல்லை. தொடருக்கு ஒரு குறுக்கீடு போதும். நீங்கள் இரண்டு செலவழித்துவிட்டீர்கள், இனி வேண்டாம். சொல்லாமல் இருப்பது பாத்திரத்தின் சொந்தத் தீர்மானமாக இருக்கட்டும். வாயைத் திறந்து, யோசித்து, வேறு ஏதோ கேட்கிற ஆள், ரெலிபோன் அடித்ததால் நிறுத்திய ஆளை விடப் பத்து மடங்கு வலிக்கும்.

இன்னொரு கெடுதல், பக்கத்தில் இருப்பவர்கள் கேலி பண்ணுவது. தட்டச்சுக்காரப் பெண், தேத்தண்ணிக் கடைக்காரர், நண்பன் எல்லாரும் "எப்ப கலியாணச் சாப்பாடு?" என்று கேட்டால், வாசகர் சொல்ல வேண்டியதைப் பாத்திரங்களே சொல்லித் தீர்த்துவிடுகின்றன. ஒருவர் ஒரு தடவை கேட்கட்டும். அதுவும் சங்கடமான நேரத்தில்.

விடாமல் துரத்துவதைத் தவிப்பு என்று நினைத்து எழுதுகிற பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது, சினிமா கொடுத்தது. வைதேகி ஒரு தடவை தெளிவாக மாட்டேன் என்றால் அதற்குப் பிறகு அவன் பஸ் நிலையத்தில் காத்து நிற்பது தொல்லை. இழுவிசை இருப்பது இரண்டு பேரும் இழுக்கும்போது மட்டும். அவள் மறுத்தால் அவன் விலக வேண்டும், பிறகு அவள்தான் தன் காரணத்துக்காக ஓர் அடி வைக்க வேண்டும். 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' நாவல் வரிசையில் 1915இல் வந்த மூன்றாம் புத்தகத்தில் நாயகி ஆன், தன்னை விரும்பிக் கேட்ட கில்பர்ட்டை மறுக்கிறாள், அவன் விலகுகிறான், அவள் வேறு ஒருவனோடு பழகுகிறாள். அவன் நோயில் கிடக்கிறான் என்று கேட்ட இரவில்தான் தன் மனம் அவளுக்கே தெரிகிறது. 1908இல் முதல் புத்தகம் வாங்கியவர்கள் ஏழு வருடம் காத்திருந்தார்கள்.

காலக் கணக்கையும் பாருங்கள். வாசகருக்கு 40 கிழமை என்றால் ஒன்பது மாதம். கதைக்குள் எவ்வளவு? நீங்கள் ஒவ்வொரு வழக்குக்கும் இடையில் "மூன்று மாதங்களுக்குப் பிறகு" என்று போடுவதால் 12 அத்தியாயத்தில் ஒரு வருடம் ஓடிவிட்டது. ஒரு வருடம் ஒன்றாக வேலை செய்தும் வாய் திறக்கவில்லை என்றால் இருவருக்கும் ஏதோ குறை என்று தோன்றும். 'இறையனார் களவியல்' என்ற பழைய அகப்பொருள் இலக்கணம் களவுக்கு, அதாவது கலியாணத்துக்கு முந்திய மறைவான காதலுக்கு, வைத்த எல்லையே இரண்டு மாதத்துக்குள். அதற்கு மேல் பழைய ஆட்களுக்கும் பொறுமை இல்லை. இனி வருகிற 28 அத்தியாயத்தை ஐந்து மாதத்துக்குள் அடக்குங்கள். வழக்குகள் ஒன்றன் மேல் ஒன்று விழட்டும். வாசகருக்கு நீண்ட காத்திருப்பும் பாத்திரங்களுக்கு மூச்சுவிட நேரம் இல்லாத ஓட்டமும் ஒரே நேரத்தில் கிடைக்கும்.

சேர்க்கிற இடம் எது? என் கணக்கில் 27 அல்லது 28. 14 என்பது தொழில் தடையை இன்னும் நாட்டாத நிலையில் அவசரம். கடைசி அத்தியாயத்தில் சேர்த்தால் தேறுவது கலியாண மண்டபக் காட்சி மட்டும். வாசகர் அவர்கள் சேர்ந்து இருப்பதைப் பார்க்கத்தான் இவ்வளவு காலம் காசு கொடுத்தார். 28இல் சேர்த்தால் 12 அத்தியாயம் கையில் இருக்கிறது, அதில்தான் பக்கச்சார்புக் குற்றச்சாட்டு நீதிமன்றத்துக்கு வர வேண்டும். சேர்ந்ததற்கு விலை இருக்கிறது, அந்த விலையை இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நின்று கட்டுகிறார்கள். துஷ்யந்தனின் உள்பயம் 33இல் வெளிவருவது இதற்கு நடுவில்தான். சேர்ந்த பிறகும் வருகிற பயம் என்பதால் அது இன்னும் வேலை செய்யும்.

சேர்ந்த பிறகு செய்யக் கூடாதது, அவர்களுடைய பேச்சை மாற்றுவது. இவ்வளவு நாளும் பதின்மூன்றாம் பக்கத்துக்குச் சண்டை பிடித்தவர்கள் திடீரென்று கொஞ்சத் தொடங்கினால் வாசகருக்கு வேறு யாரையோ பார்க்கிற மாதிரி இருக்கும். சண்டை அதே சண்டையாக இருக்கட்டும். அவள் 31இல் முதல் தடவை 'நீர்' என்று சொல்லட்டும், அதுவும் கோபத்தில்.

பத்திரிகைத் தொடர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் நடுவில் கூப்பிட்டு, கடிதம் நல்லாக வருகிறது, 40ஐ 60 ஆக்குங்கள் என்பார். அல்லது பக்கம் குறைகிறது, நாலு கிழமையில் முடியுங்கள் என்பார். இரண்டுக்கும் ஆயத்தமாக இருங்கள். நீட்டச் சொன்னால் சேர்க்கிற அத்தியாயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். 28 அப்படியே நிற்க, புது வழக்கு ஒன்றைப் பின்னால் சேருங்கள். முடிக்கச் சொன்னால் நாலு அத்தியாயத்துக்கான குறுக்குவழி ஒன்று வேண்டும்: மாமாவின் உண்மை, குற்றச்சாட்டு, அவள் கோப்பை விடுவது, இரண்டு பேரும் புதுக்கடைப் படியில் இறங்குவது. அந்த நாலையும் குறிப்பாக இப்போதே எழுதி, மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். 13ஐ அனுப்புவதற்கு முன், 9இலும் 11இலும் துஷ்யந்தன் சொல்ல வந்த அந்த ஒரு வசனத்தை முதல் பந்தியிலேயே அவன் வாயால் சொல்ல வைத்துப் பழைய காதலியை வழியனுப்பிவிடுங்கள்.